பத்தொன்பதாவது ஃப்ரேம்

லியெபாயா நகரில் டிராமுக்கு ஒரே தடம்தான்.
நான் செய்து விற்கும் அசைவுகளில்
அதிகம் விலைபோவது
அந்த டிராமின் கதவு.

வாங்குகிறவர்களுக்கு அது கதவென்று தெரியாது.
பட்டியலில் அதன் பெயர் ‘மென்மூடல் 4’.
விலை மூன்று யூரோ.
ஒருமுறை வாங்கினால்
எத்தனை முறையும் போடலாம்,
எதன்மேலும் போடலாம்:
எழுத்து, வட்ட வரைபடம், நிறுவனச் சின்னம்,
சிரிக்கும் ஒரு முகம்.

பிப்ரவரியில் ஒருநாள்
கடல்காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்த காலையில்
கைபேசியில் அதைப் படம்பிடித்தேன்.
வீட்டுக்கு வந்து, காலுறைகூடக் கழற்றாமல்,
ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தி
கதவின் விளிம்பில் புள்ளி வைத்தேன்.
முதலில் விரைவு.
பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று
வாசலில் யோசிப்பவளின் தயக்கம்.
முப்பது புள்ளிகள்.
சேர்த்தால் ஒரு வளைகோடு,
வளைகோடு இருந்தால் போதும்,
கல்லையும் இறகாக இறக்கலாம்.

பத்தொன்பதாவதில் மட்டும்
கோடு சற்றே பின்னால் நெளிந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
கதவிடுக்கில் ஒரு பையனின் ஈரப் பூட்ஸ் முனை.
கதவு ஒரு நூல் பின்வாங்கியது,
அவன் காலை எடுத்தான்,
கதவு மூடிக்கொண்டது.
அவன் வெளியே நின்றான்.

நெளிவை இழைத்துவிடத்தான் நினைத்தேன்.
அதற்குள் சூப் பொங்கிவிட்டது.
அப்படியே விற்பனைக்குப் போட்டேன்.

“மற்றவை வழுக்கிக்கொண்டு போகின்றன,
இது மூச்சுவிடுகிறது” என்றான்
ரீகாவில் விளம்பரப்படம் எடுக்கும் ஒருவன்.
ஒரு திருமணக் காணொளியில்
மோதிரங்கள் அப்படி வந்து அமர்ந்தன.
பல் மருத்துவமனைத் திரையில் ஒரு கடைவாய்ப்பல்.
ஆறாம் வகுப்புப் பாடத்தில் பனிப்பாறை
ஒரு நூல் தயங்கி
நழுவிக் கடலில் இறங்கியது.
நான்காயிரம் பேரிடம் இருக்கிறது என் கதவு.
எந்த வீட்டில் இருக்கிறதென்று
கதவுக்கே தெரியாது.

மே மாதம். மீன்டின் ஆலை.
என் தங்கை ஸ்கைட்ரா அங்கே
பன்னிரண்டு ஆண்டுகளாக மூடி அழுத்துகிறாள்.
உணவுக்கூடத்தில் வெள்ளைத் திரை கட்டி
எல்லோரையும் உட்காரவைத்தார்களாம்.
முதல் பக்கத்தில் ‘நமது நாளை’ என்று நீல எழுத்து.
பிறகு அம்புக்குறிகள், நன்றிகள்.
பிறகு நாற்பத்தொரு பெயர்கள்,
ஒவ்வொன்றாக விலகிப் போகும்படி.

மேலாளர் ஐனார்ஸ் கெட்டவர் அல்ல.
ஏதோ ஒரு வரைபடத்துக்காக வாங்கியிருப்பார்,
‘எல்லாப் பக்கங்களுக்கும்’ என்ற பொத்தானை
அழுத்தியிருப்பார்.
நானும் அழுத்தியிருக்கிறேன்.

“ஒவ்வொரு பெயரும் போகும்போது
கொஞ்சம் திரும்பி வந்தது, அக்கா.
ஆப்சானாவுடையது வந்தது,
பிழைத்தாள் என்று நினைத்தோம்.
போய்விட்டது.
பிர்கெலேயுடையதும் அப்படித்தான்.
பத்துப் பெயருக்குமேல்
யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள்.
பிறகு அடக்க முடியவில்லை, எல்லோருக்கும்.
அகரவரிசையில் நான் நாற்பதாவது.
என் பெயர் வந்தபோது
எனக்கும் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு.
ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
நிற்குமோ என்று.”

நான் கோப்பைத் திறந்துவைத்தபடி
தொலைபேசியைப் பிடித்திருந்தேன்.
பத்தொன்பதாவது புள்ளியை
சுட்டி தொட்டுக்கொண்டிருந்தது.
இழுத்து நேராக்கலாம்.
என்னிடம் இருப்பது மட்டும் நேராகும்.

அது என்னுடையது என்று சொன்னேன்.
டிராம், பூட்ஸ், எல்லாம் சொன்னேன்.
மறுமுனையில் தண்ணீர்க் குழாய் ஓடியது,
தட்டு ஒன்று தட்டின்மேல் உட்கார்ந்தது.

“அந்தப் பையன்
அடுத்த வண்டியில் ஏறினானா?”

தெரியாது என்றேன். படம் அங்கேயே முடிகிறது.

“சரி. எங்களுக்காக உனக்கு
எவ்வளவு கொடுத்தார்கள்?”

மூன்று யூரோ.

“தலைக்கா?”

இல்லை, ஸ்கைட்ரா.
முதல் பெயருக்கு மட்டும்தான் காசு.