மூட்டைக்கு ஒரு கிலோ

பூசையில் மார்பில் மூன்று தட்டு.
வலித்ததில்லை.
‘நான் பாவி’ என்பது
ஊருக்கே பொருந்துகிற சட்டை.

இந்த வருடத் தவக்காலம் சம்பா அறுப்போடு வந்தது.
நெற்றியில் சாம்பல், மேலே நெல்தூசி.
வெண்ணாற்றங்கரைக் கொள்முதல் நிலையத்தில்
தார்ப்பாய்க்கடியில் மூன்று ராத்திரி கிடந்த அஞ்சம்மாளிடம்
‘ஈரம் பத்தொன்பது’ என்றேன்.
மீட்டரில் பதினாறு.
மூட்டைக்கு ஒரு கிலோ கூட வைத்தால்
எந்த ஈரமும் காய்ந்துவிடும்.

பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம்
முழந்தாளிட்டு, ‘பேராசை, சாமி’ என்றேன்.
வலைக்கு அந்தப்பக்கமிருந்து
‘எத்தனை கிலோ?’

காதருகே ஒரு கொசு.
பட்டியல் எழுதியே பழகிய எனக்கு
எண் வாயில் வரவில்லை.
அறுபத்திரண்டு.
அது அவள் ஒருத்திக்கு.
அதற்குமுன் எட்டுப் பருவம்.

கண் ஈரமானது.
அதை நானே நம்பவில்லை,
யாராவது மீட்டர் வைத்துப் பார்க்கட்டும்.
‘அழுகை இருக்கட்டும்,
அவள் வீட்டுக்குப் போ’ என்றார் சாமி.

சைக்கிள் கேரியரில் மூட்டை சாய்கிறது.
நெல்லை இறக்கிவிடலாம்.
அந்தப் பதினாறை எப்படி இறக்குவது?

கதவு திறந்தது.
மூட்டையை அவள் பார்க்கவில்லை.
என் முகத்தைப் பார்த்ததும்
முந்தானை முடிச்சைப் பிரித்தாள்:
‘இன்னும் எவ்வளவுய்யா குறையுது?’