மணி என் கையில் இருந்தது

ப்ரேமன் நகரில், ட்ராம் திரும்பும் முனையில்
முன்பு நூற்கண்டு செய்த கட்டடம்.
மூன்றாம் மாடி. பதினாறு திண்டுகள்.
விடியுமுன் ஐந்தே முக்காலுக்குச்
சுவரைப் பார்த்து உட்காருவோம்.
ஹீட்டர் உறுமும்.
அதையும் கேளுங்கள் என்பார் ஃபால்கோ.

நாற்பது நிமிடம்.
முழங்கால் முதலில் பேசும், பிறகு கடன்,
பிறகு எப்போதோ யாரோ சொன்ன ஒரு சுடுசொல்.
வரும், போகும்.
இன்றும் இதை மறுக்க மாட்டேன்:
விவாகரத்து நடந்த குளிர்காலத்தில்
என்னை விழாமல் பிடித்தவை
அந்தத் திண்டும்
இருபுறமும் மூச்சுவிட்ட
இரண்டு அந்நியர்களும்தான்.

அதனால்தான் வாய் வரவில்லை எனக்கு.

நவம்பரில், தேநீர் வேளையில், வீப்கே கேட்டாள்:
"கூரைக்கென்று வாங்கிய பணம் எங்கே?
கூரை இன்னும் ஒழுகுகிறதே?"
ஃபால்கோ புன்னகைத்தார்.
"கேட்பது யார் என்று பார்."
எல்லோரும் தலை தாழ்த்தினோம்.
எத்தனையோ இரவு என்னை
எனக்குள் திருப்பிய வாக்கியம்
அன்று தாழ்ப்பாள் போட்டது.
அவள் மறுபடி வாயெடுத்தாள்.
மணி என் கையில் இருந்தது.
அடித்தேன்.
இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

அடுத்த வாரம் பதினைந்து திண்டுகள்.
இடைவெளி தெரியாதபடி
ஆளுக்கொரு சாண் நகர்ந்தோம்.
ஒற்றுமை என்று அதற்குப் பெயர் வைத்தோம்.

பாத்திரம் கழுவுகையில் ஹென்னிங் சொன்னார்
(முப்பது வருஷம் கப்பல் தளத்தில் வெல்டர்):
"எங்கள் சங்கத்தில் நாற்காலி பறக்கும்.
பொருளாளரின் கணக்கை
நடுராத்திரி வரை கிழிப்போம்.
காலையில் வாசலில் கைகோத்து நிற்போம்
ஒருத்தர் குறையாமல்.
இங்கே எறிவதற்கு நாற்காலியே இல்லை."
சிரிக்கவில்லை அவர்.
அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

பெருஞ்சந்தேகம் வேண்டும்,
அதில்தான் எல்லாம் திறக்கும் என்று
எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஃபால்கோதான்.
ரசீது, தேதி, கையெழுத்து போன்ற
சில்லறைச் சந்தேகங்களை
செருப்போடு வெளியே விடச் சொன்னவர் எவருமில்லை.
நாங்களாக விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வீப்கே வீட்டுக்குப் போனேன்.
பழைய கோட்டை நாலாய் மடித்து
ஜன்னலோரம் போட்டிருந்தாள்.
தினமும் உட்காருகிறாளாம், தனியாக.
காபி தந்தாள். மன்னிப்புக் கேட்டேன்.
"ஏழு நிமிடம்," என்றாள்.
எண்ணியிருக்கிறாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
திரும்பி வருவாளா என்று
கேட்கும் தகுதி எனக்கிருப்பதாகத் தோன்றவில்லை.

இன்று காலை
பதினாறாவது திண்டை எடுத்துப் போட்டேன்.
தையல் விட்ட மூலையில்
கோதுமை உமி கொஞ்சம் சிந்தியது.
சுவர், மூச்சு, ஹீட்டர்.
ஈயவாளியில் சொட்டுச் சொட்டாக மழை.

தேநீர் வந்தது.
மணியை ஹென்னிங் கையில் கொடுத்துவிட்டு
எழுந்தேன். இடதுகால் மரத்துப்போயிருந்தது.
சுவரைப் பிடித்துக்கொண்டு
"கூரை," என்று தொடங்கினேன்.