துருப்பு ஏழு

மத்தி டப்பா மூடும் எந்திரம்
என் வலது கையைக் கவ்வி
நான்கு வருடம் ஆகிறது.
எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது.
படத்தில் பழுதே இல்லை என்றார் எலும்பு டாக்டர்.
நரம்பு டாக்டர் நரம்பை மட்டும் பார்த்தார்.
காப்பீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.
போன இடமெல்லாம் ஒரே கேள்வி:
சைபரிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
ஏழு.
சொல்லிச் சொல்லி
என் கதவிலக்கம் போல் ஆகிவிட்டது அது.

குத்தலா, குடைச்சலா, கடுப்பா
என்று ஒருவரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
சட்டைக்கை உரசினால் கொள்ளி.
கடற்காற்று பட்டால் ஊசி.
இரவு மூன்று மணிக்குக்
கை தலையணை அளவு வீங்கிக் கிடக்கும்.
விளக்கைப் போட்டால் அதே சின்னக் கை,
கொஞ்சம் நீலம் பாரித்து.

போர்ட்டோ ஆஸ்பத்திரி, வலிப் பிரிவு,
மூன்றாம் மாடி, திறக்காத ஜன்னல்.
உள்ளே ஐந்து பேர்.
தப்பான கதவோ என்று திரும்பினேன்.
"ஒலிந்தா, இது உங்கள் நாற்காலி"
என்றாள் நர்ஸ் கிராசா.
மயக்க மருந்து டாக்டர் துவார்த்தே,
பிசியோதெரபிஸ்ட் ஃபிலிப்பா,
மனநல ஆலோசகர் நூனோ,
அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் செலெஸ்தே.
வாசல் வாசலாய்த்
துண்டு துண்டாய்ச் சுமந்ததையெல்லாம்
அன்று ஒரே மேசையில் இறக்கினேன்.

மாத்திரையைக் குறைக்கலாம் என்றார் துவார்த்தே.
இப்போது வேண்டாம், முதலில் தூக்கம் என்றார் நூனோ.
என் முன்னாலேயே சண்டை.
எனக்காக யாராவது சண்டை போட்டு
எத்தனை நாளாயிற்று.

பிறகு துவார்த்தே பேனாவை மூடினார்.
"முழுதாய்ப் போய்விடும் என்று
நாங்கள் சொல்லப்போவதில்லை."
அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

வலி போகவேண்டும் என்பதைத் தவிர
வேறென்ன வேண்டும் என்றாள் கிராசா.

சுவெக்கா ஆடவேண்டும் என்றேன்.
சனிக்கிழமைச் சீட்டாட்டம்.
செஃபெரீனோவும் நானும் ஒரு கட்சி,
மேல்வீட்டுக்காரர்கள் எதிர்க்கட்சி.
பத்துச் சீட்டை விசிறியாய்ப் பிடிக்கவேண்டும்,
துருப்பு ஏழு வந்தால்
மேசை அதிர ஓங்கி அறையவேண்டும்.
எங்கள் ஆட்டத்தில் ராஜாவையும் வெட்டும் ஏழு,
ஏஸ் ஒன்றுக்குத்தான் பணியும்.
செலெஸ்தே எழுதிக்கொண்டாள்:
பத்துச் சீட்டு. ஓர் அறை.

முதல் மாதம் சீட்டே இல்லை.
கைகளின் படங்கள். இடதா, வலதா?
பாதிக்குப் பாதி தப்பு.
என் வலது கையை நானே மறந்திருந்தேன்.
பிறகு கண்ணாடிப் பெட்டி:
இடது கை அசைய, கண்ணாடிக்குள்
வலது கை அசைந்தது, வலிக்காமல்.
பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது.
ஃபிலிப்பா வாளியோடு தயாராய் இருந்தாள்.

அப்புறம் ஒரே ஒரு சீட்டு, இரண்டு நிமிடம்.
"வலி ஏறும் முன்னே கீழே வை."
அதுதான் கஷ்டம்.
பெட்டி நிரம்பாமல் நிறுத்தத் தெரியாது எனக்கு,
இருபது வருடத் தொழிற்சாலைப் பழக்கம்.
ஒரு வாரம் மூன்று சீட்டு,
மறுவாரம் வடகாற்று, ஒன்றுமில்லை.

செஃபெரீனோவையும் வரச் சொன்னார்கள்.
கேட்காமல் அவள் இறைச்சியை வெட்டித்தராதீர்கள் என்றார் நூனோ.
எழுந்து வெளியே போய்
ஒரு சிகரெட் முழுக்கக் கோபப்பட்டுவிட்டு வந்தார்.
அன்றிரவு தட்டில் முழுத்துண்டு.
முக்கால் மணி நேரம் தின்றேன்.
அவர் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் மாதம்.
வலது கையில் ஏழு சீட்டு,
மடியில் மூன்று, கவிழ்த்து.
கள்ள ஆட்டம் என்றாள் மேல்வீட்டு எர்மீனியா.
துருப்பு இஸ்பேட்.
ஏழு என்னிடம்.
அறைந்தேன்.
கோப்பைகள் துள்ளின. தோள்வரை தீ.
எர்மீனியாவிடம் ஏஸ் இருந்தது.
விடியும்வரை தூங்கவில்லை.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன்.
வாரத்துக்கு ஓர் அறைதான்,
அதுவும் துண்டு விரித்த மேசையில்
என்று திட்டினாள் ஃபிலிப்பா.
மாத்திரையில் கால் பங்கைக் குறைத்தார் துவார்த்தே.
சைபரிலிருந்து பத்துக்குள்
எவ்வளவு என்றாள் கிராசா.

ஏழு.

"இஸ்பேடா?" என்றாள்,
தாளிலிருந்து நிமிராமல்.