சனிக்கிழமைச் சட்டை

மாதத்தின் கடைசி நாள்
என் செல்பேசி ஒருமுறை அதிரும்.
சம்பளம் வந்துவிட்டது.
மழைக்கும் காய்ச்சலுக்கும் அது நிற்பதில்லை.
திருமூர்த்திக்கு வருகிற நாள் என்று எதுவும் கிடையாது,
கொடுக்கிற நாள் உண்டு:
சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி.

ஆவாரம்பாளையத்தில்
பத்துக்குப் பதினெட்டு வாடகைக் கொட்டகை.
ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின்,
ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ்.
பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறார்கள்.
மயிரிழை கூடினாலும்
கம்பெனி திருப்பி அனுப்பிவிடும்.
பணம் நூற்றிருபது நாள் பிந்தினால்
அதை அளக்க அவனிடம் மைக்ரோமீட்டர் இல்லை.

பார்க்கும்போதெல்லாம் கேட்பேன்,
"தொழில் எப்படிடா போகுது?"
"போகுதுடா" என்பான்.
ஆடி மாதம் ஒருநாள்
"போகுதுங்க" என்றான்.
ஆறாம் வகுப்பிலிருந்து என்னை டா போட்டவன்.
ஊருக்கெல்லாம் நாங்கள் போடுகிற அந்த ங்க
என்மேல் விழுந்ததும்
வயிற்றில் ஏதோ இறங்கியது.

இருபதாயிரம் எடுத்துக்கொண்டு போனேன்.
கையைத் துடைக்கக்கூட இல்லை அவன்.
"உன்ற காசு எனக்கெதுக்குடா?
என்ற காசே அங்க கெடக்குது."
எங்கே என்றேன்.
"அரசூர்ல. பதினொரு தடவ போயிட்டேன்.
மேனேஜர் மீட்டிங்ல இருக்காருங்க, அவ்ளோதான்."
அப்படியானால் பன்னிரண்டாவது தடவைக்கு
நானும் வருகிறேன் என்றேன்.

எனக்கு ஒன்றிய அலுவலகத்தில் வேலை,
சனிக்கிழமை விடுமுறை.
முழுக்கை வெள்ளைச் சட்டை,
தேய்த்து, உள்ளே விட்டு, பெல்ட் போட்டு.
மகளின் பழைய ஃபைல் ஒன்று,
அதில் வெள்ளைத்தாள் பத்து.

கண்ணாடிக் கதவு. மீன்தொட்டி.
அவன் வழக்கம்போல் நிற்கப் போனான்.
நான் சோபாவில் உட்கார்ந்து
பக்கத்தில் தட்டிக் காட்டினேன்.
ஒருவர் உட்கார்ந்திருந்தால் மீன்தான் பார்க்கும்.
இரண்டு பேர் என்றால்
போகிறவன் வருகிறவனெல்லாம் பார்க்கிறான்.

ஒரு வார்த்தை பேசவில்லை நான்.
ஃபைலைத் திறந்தேன்.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
3.10 என்று எழுதினேன். மூடினேன்.
மறுபடி திறந்து 3.40.
வரவேற்பில் இருந்த பெண்
அவனிடம் குனிந்து கேட்டாள்,
"சார் யாருங்க?"
திருமூர்த்திக்குப் பொய் வராது.
"என்கூட வந்திருக்காருங்க."

3.55 என்று எழுதிக்கொண்டிருந்தபோது
மீட்டிங் முடிந்துவிட்டது.
மேனேஜரே வெளியே வந்தார்.
"ஏனுங் மூர்த்தி, ஒரு போன் பண்ணியிருந்தா
நானே அனுப்பியிருப்பனுங்களே."
என்னைப் பார்த்தும் சிரித்தார்.
நான் அதற்கும் ஃபைலைத்தான் பார்த்தேன்.
பாதிப் பணம் அங்கேயே
அவன் செல்பேசியில் விழுந்தது.
அந்தச் சத்தம் எனக்கு மாதாமாதம் பழக்கம்.
அவன் இரண்டு முறை எடுத்துப் பார்த்தான்.

சின்னியம்பாளையம் தாண்டும்வரை பேச்சில்லை.
ஹோப்ஸ் சிக்னலில் திரும்பினான்.
"ஃபைல்ல என்னடா எழுதுன?"
"மணி."
"வேற?"
"வேற என்ன இருக்குது எழுத?"
பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை,
பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடிக்க அடிக்க
சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்குப் பிகாஷுக்குக் கூலி.
வாடகை தனியே. கரண்டு பில் தனியே.
மிச்சத்தைச் சொல்ல மாட்டேன், அது அவன் கணக்கு.
கணபதியில் தள்ளுவண்டிக் காளான்,
மேலே வெங்காயம் தூவி, ஆவி பறக்க.
நான் பைக்குள் கை விட்டேன்.
"கம்முனு இரு. மொதலாளி நானாக்கும்."
கம்முனு இருந்தேன்.
இன்னொரு தட்டும் கேட்டு வாங்கித் தின்றேன்.

இன்றைக்கு வெள்ளி.
ராத்திரியில் எதற்கு இஸ்திரி என்கிறாள் வீட்டில்.
மீதிப் பாதி இன்னும் அரசூரில் கிடக்கிறது.
ஃபைலில் ஒன்பது தாள் இருக்கிறது.