வருவதற்குத்தான் காசு

ஆராதனை முடிந்து
நாசி லெமாக் பொட்டலங்கள் பிரியும் நேரத்தில்
பொருளாளர் தவசிகாமணி கடிதத்தை வாசித்தார்.

மலாவியிலிருந்து வந்தது.
பதினோரு வருடமாய் நாம் பணம் அனுப்பும் இல்லத்தை
மூடப் போகிறார்களாம்.
'பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத்
தாய் இருக்கிறாள்.
அவளிடம் சோளம்தான் இல்லை.
இனி சோளம் வீட்டுக்குப் போகட்டும்,
பிள்ளையும் வீட்டுக்கே போகட்டும்.'

மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
பிறகு எல்லோரும்.

அப்போ போட்டோ வராதா, என்றார் ஜெயசீலி அக்கா.
சுவரில் முப்பத்திரண்டு முகங்கள்,
எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை,
ஒவ்வொன்றின் கீழும்
மாதம் ஐம்பது ரிங்கிட் தரும் குடும்பத்தின் பெயர்.
தாய்க்காரி அந்தக் காசில் என்ன வாங்குவாளோ
யார் கண்டது, என்றார் ஒருவர்.
ஆட்டுக்குட்டி வாங்குவாளாம், விதை வாங்குவாளாம்,
கூரைக்கு நாலு தகரம்.
கடிதத்திலேயே எழுதியிருந்தது.
தகரத்துக்கா காணிக்கை என்று
சம்பல் விரலை நக்கினார் அவர்.

என் பிள்ளையின் பெயர் யாங்கோ.
என் பிள்ளை என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.
அவர்கள் பாஷையில் 'பதில்' என்று அர்த்தமாம்.
வீட்டில், ஐஸ்பெட்டிக் கதவில்,
தண்ணீர் பில்லுக்குப் பக்கத்தில்
காந்தத்துக்கு அடியில் நிற்கிறான்.
ஒரு காது மட்டும் கொஞ்சம் விடைத்திருக்கும்.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் போகிறவள்,
கடைசி வரிசை ஓரத்தில் உட்காருகிறவள்.
சபைக்கு என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.
ஜார்ஜ் டவுனில் ஓர் இல்லத்தில்
ஒன்பது வருடம் இருந்தேன்.
நல்ல இல்லம். அதைச் சொல்லியாக வேண்டும்.
வாரம் மூன்று முட்டை.
கணக்குச் சொல்லித்தர, பேன் பார்த்துவிட ஆள் உண்டு.
படுக்குமுன் முழங்காலில் நின்று
காசு அனுப்பும் தூரதேசத்துக்காரர்களுக்கு ஜெபம்.
எனக்குரியவளின் பெயர்
கடைசிவரை என் வாயில் நுழையவில்லை.
அவள் வீட்டிலும் என் போட்டோ இருந்திருக்கும்.
அதில் சிரிக்கிறேன். சிரிக்கச் சொன்னார்கள்.

அம்மா இரண்டாம் சனிக்கிழமைகளில் வருவாள்.
நிபோங் திபாலில் பால்மரம் வெட்டிவிட்டு,
பஸ் பிடித்து,
பட்டர்வொர்த்தில் பெரி ஏறி.
தீவுக்கு வரத்தான் டிக்கெட்.
திரும்பிப் போகிறவர்களிடம் யாரும் கேட்பதில்லை.
ஒரு மாதம் வரவேயில்லை.
மறுமாதம் வந்தவள்
'வருவதற்குத்தான்டி காசு, போக ஓசி'
என்று பெரிய பகடிபோலச் சொல்லிச் சிரித்தாள்.
கையில் அரை டின் மைலோ.
எவ்வளவு என்றேன்.
அறுபது காசு.
எனக்குப் பத்து வயது.
ஐம்பதும் பத்துமாய் அந்தக் காசை
எத்தனையோ ராத்திரி
தலையணைக்கடியில் கனவில் தேடியிருக்கிறேன்.

கூடத்தில் ஓட்டுக்கு விட்டார்கள்.
கை தூக்கினேன்.
ஏதாவது சொல்லணுமா சிஸ்டர், என்றார் பொருளாளர்.
'அறுபது காசு' என்றேன்.
ஐம்பது ரிங்கிட், என்று திருத்தினார்.
ஆமாம், என்று உட்கார்ந்தேன்.
பதினெட்டுக்குப் பதினான்கு.
ஜெயசீலி அக்கா கடைசியில் எங்கள் பக்கம்,
ஏன் என்று அவரும் சொல்லவில்லை.

ராத்திரி படிவத்தை நிரப்பினேன்.
பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு, பிறந்தநாள்,
எல்லாம் எனக்கு மனப்பாடம்.
தாயின் பெயர் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
பதினோரு வருடம்.

'யாங்கோவின் அம்மாவுக்கு' என்று தொடங்கினேன்.
ஸ்தோத்திரம் எழுதி, அடித்தேன்.
இங்கே மழை என்று எழுதினேன்.
தகரம் வாங்குங்கள், நல்ல கனமானதாய்.
அவன் வீட்டுக்கு வந்த முதல் வாரம்
சரியாகப் பேசமாட்டான், கோபப்படாதீர்கள்,
நானும் பேசவில்லை.
போட்டோ இனி வேண்டாம்.
ஒன்று மட்டும் தெரியவேண்டும்:
அந்தக் காது உங்களுடையதுதானே?

கீழே தொழிற்சாலை பஸ்
இரண்டாம் முறை ஹாரன் அடித்தது.