எத்தனை அடி

வக்கீல் கோகிலவாணியின் மேசையில்
தாள்கள் பறக்காமலிருக்க
பட்டன் தேய்ந்த ஒரு போர்வெல் பிட்.
திருச்செங்கோட்டில் இதற்கா பஞ்சம்.

"அடிச்சாருங்களா?"
இல்லீங்க.
"குடி? வேற யாராச்சும்?"
ராய்ப்பூர்ப் பக்கம் இருக்கிறவரை
நான் என்னத்தக் கண்டேன்.
"பணம்?"
அஞ்சாந்தேதி தப்பாதுங்க.
பேனாவை மூடினார்.
"இத்தனை நல்லவரா இருந்தா கேஸு நிக்காதுங்களே."

கைவிட்டுப் போனதாகப் போடலாம்.
இரண்டு வருசம், தொடர்ந்து.
கடைசியாக எப்போது வந்தார்?
போன வருச வைகாசி, தேருக்கு. ஒரு ராத்திரி.
நாலு இட்லி தின்றார்,
சட்டைப் பட்டன் ஒன்றைத் தைக்கச் சொன்னார், கிளம்பிவிட்டார்.
அந்த நாலு இட்லியோடு
என் கணக்கு மறுபடி முதல் நாளில் நிற்கிறதாம்.

கல்யாணமே செல்லாது என்றும் கேட்கலாம்,
எதையாவது மறைத்துக் கட்டி வைத்திருந்தால்.
எதை மறைத்தார்கள்?
பெண் பார்க்க வந்த அன்றே
வாசலில் நின்றது ரிக் வண்டி.
கம்ப்ரசரைச் சுற்றிச் சுற்றி வந்து
அப்பாதான் பூரித்துப் போனார்.

நீதிமன்றப் பிரிவு என்று இன்னொன்று.
தாலி இருக்கும், சேர்ந்து வாழ வேண்டியதில்லை.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"அதைக் கோர்ட்டுக்கு வராமயே
ஒம்பது வருசமா நடத்தறனுங்க."

குமாரபாளையத்து மாமன் சொன்ன
நூறு ரூபாய்ப் பத்திரத்தையும் கேட்டேன்.
ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி, அத்து உட்டாச்சு.
"அதுல பொட்டலம் மடிக்கலாம் அம்மிணி.
நாளைக்கு இன்னொருத்தருக்குக் கழுத்தை நீட்டுனா
அதே பத்திரம் உங்களைக் கூண்டுல ஏத்தும்."

மிச்சமிருந்தது இருவர் சம்மதம்.
ஒரு வருசம் பிரிந்திருக்க வேண்டும்; இருந்தாயிற்று.
ஆளுக்கு இரண்டு கையெழுத்து.
நடுவில் ஆறு மாசம்,
மனசு மாறுவதற்காம்.

வெளியே வந்தால் நேர் எதிரே மலை.
மேலே ஒரே உடம்பில் இரண்டு பேர்.
அவர்கள் மனுப் போட்டால்
யார் பெயரை முதலில் எழுதுவது?

ராத்திரி போன் போட்டேன்.
அவருக்கே பெயர் தெரியாத ஓர் ஊர்.
"எத்தனை அடிங்க?"
எங்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான் தொடங்கும்.
"தொள்ளாயிரத்து நாப்பது. பொகைதான் வருது."

சொன்னேன்.
இரைச்சலில் பாதி கேட்கவில்லை என்றார்.
மறுபடி சொன்னேன்.
கை காட்டியிருக்க வேண்டும்,
யாரோ இஞ்சினை அணைத்தார்கள்.
எனக்காக அது நின்றது
அன்றைக்குத்தான்.

"எப்ப வந்து போடோணும்?"
"ஆவணியில ஒண்ணு. மாசியில ஒண்ணு."

கொஞ்ச நேரம் பூச்சிச் சத்தம் மட்டும்.
"ஆறு மாசத்துல ரெண்டு தரமா," என்றார் செங்கோட்டுவேல்.
"அப்படி நான் ஊருக்கு வந்ததே இல்லியே."

பிறகு, போனை வைக்காமலே,
பின்னால் திரும்பி யாரிடமோ
இன்னொரு ராடு இறக்கச் சொன்னார்.