இரண்டு மணி மின்வெட்டு

"கரண்ட் போகட்டும், அப்புறம் வாசிச்சுப் பாருங்க"
என்றார் நாகபூஷணம்.
ஏகாம்பரகுப்பத்தில் அதுவரை
எந்தக் கம்பிக்கும் பேச்சில்லை.
இந்தப் பக்கம் ஆறு தறி, அந்தப் பக்கம் எட்டு.
நடுவில் அவர் கட்டில்,
கட்டிலில் விரித்த லுங்கிமேல்
மூன்று மாண்டலின்கள்.

அவருடைய இன்னிசைக் குழு கலைந்து நான்கு மாதம்.
கீபோர்டு புத்தூருக்குப் போய்விட்டது,
டிரம் திருத்தணிக்கு.
மைக் ஸ்டாண்டில் கொசுவலை கட்டியிருக்கிறார்.

நான் தறி மேஸ்திரி.
ஒரு போல்ட் தளர்ந்தால்
உள்ளங்காலுக்கு முதலில் தெரியும்,
காதுக்கு அப்புறம்.
வேதவல்லியும் வந்திருந்தாள்.
பணம் அவள் பையில்.

இரண்டு மணிக்கு ஊர் நின்றது.
எங்கோ ஒரு நாடா
பாதித் துணியில் நின்றிருக்கும்.
அடுத்த தெருவில் எவரோ
எருமையைத் தெலுங்கில் திட்டுவது கேட்டது.

முதலில் பானை வயிறு.
மடியில் நிற்காது, வழுக்கும்.
எண்ணெய் தேய்த்த பிள்ளையைப்போல
முழங்காலோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும்.
தட்டினால் சட்டென்று பற்றி
அதே வேகத்தில் அணைகிறது;
மணிக்கட்டு ஓய்ந்தால் பாட்டு கீழே விழும்.
ஜோடிக் கம்பியில் ஒன்று மயிரிழை இறங்கியிருந்தது.
ஏற்றப் போனேன். வேண்டாம் என்றார்,
மினுமினுப்பே அந்தச் சண்டையில்தான் இருக்கிறதாம்.
"மேல் கம்பி கண்ணாடி வளையல் மாதிரி" என்றாள் வேதவல்லி.
பன்னிரண்டாம் கட்டைக்கு மேலே
எனக்குக் கிடைத்தது
பிளெக்ட்ரம் உரசும் சத்தம் மட்டும்.
அவள் புருவத்தைப் பார்த்துச்
சுரம் வந்ததென்று தெரிந்துகொண்டேன்.
வீட்டில் கொசு பாடி வருவது அவளுக்கு,
கடிப்பது எனக்கு.

இரண்டாவது தட்டை முதுகு,
வயலினுக்கு வெட்டுவதுபோல நெளிந்த இரண்டு துளை.
எங்கே செய்ததென்று அவருக்கும் தெரியாது,
உள்ளே ஒட்டிய சீட்டைக் கரப்பான் தின்றிருந்தது.
தொண்டையைச் செருமிக்கொண்டு பேசும் ஆள் இது.
எல்லாக் கம்பியையும் அடித்து
உடனே உள்ளங்கையால் அமுக்கினால்
அரிவாள்மனையில் முட்டைக்கோஸ் பிளக்கும்.
பஜனைக்குத் தபேலாக்காரர் வராத சனிக்கிழமைகளில்
இது போதும்.
கீழ்க் கம்பி கட்டில் சட்டம்வரை போய்த் திரும்பியது.
இதையே எடுத்துக்கொள்கிறேன் என்று
வாய்வரை வந்தேன்.
"மூக்கடைச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

மூன்றாவது சிவப்பு, எலெக்ட்ரிக்.
ஐந்தே கம்பி, ஜோடி கிடையாது,
வயிறும் கிடையாது, ஒரே பலகை.
ஆம்ப் கட்டிலடியில் செத்துக் கிடந்தது.
"இதைக் கேக்கக் கரண்ட் வரணும்.
கரண்ட் வந்தா தறி வந்துடும்."
அவரே சிரித்துக்கொண்டார்.
விலையைத் தெலுங்கில் சொல்லிவிட்டுப்
பேரத்துக்குத் தமிழுக்கு வந்தார்.

கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தேன்.
இணங்கி வந்தது.
மற்ற இரண்டிலும் காந்தாரத்தை
இப்படி அசைக்க விட்டிருக்காது,
இரட்டைக் கம்பி விரலைக் கிழித்திருக்கும்.
ஆனால் சத்தம்?
வாழைநார் உரிக்கிற அளவு.

"தாடையை வைங்க. கொம்புமேல."
வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு
ஒரு கட்டை ஏறினேன்.
பன்னிரண்டு. பதினைந்து. பதினெட்டு.
வளையல் இல்லை அதில்.
கிணற்றுக்குள் விழுந்த வெண்கல மணிபோல
மங்கலாக, ஆனால் சுரமாக,
ஒவ்வொன்றும் தன் இடத்தில்.
கழுத்து முடியும்வரை இருந்தன.
இவ்வளவு நாளும் இருந்திருக்கின்றன.

வேதவல்லியும் தாடை வைத்துப் பார்த்தாள்.
"பல் டாக்டர் மிஷின் மாதிரி இருக்கு"
என்று உடனே எடுத்துவிட்டாள்.
நான் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு வர வேண்டியது
மூன்று நாற்பதுக்கே வந்தது.
ஆறும் எட்டும் ஒரே சமயத்தில் எழுந்தன,
கட்டிலடியில் ஆம்ப் உறுமத் தொடங்கியது.
கால் வழியாகத் தறி, பல் வழியாகக் கம்பி.
இடப்பக்கம் மூன்றாவது தறியில்
ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது.

பையின் ஜிப்பில் விரல் வைத்தபடி
எது என்று உதட்டை அசைத்துக் கேட்டாள்.
நான் தாடையை எடுக்கவில்லை.